விழிக்காத செல்கள்

அடைக்கலம் கல்லூரியில் உயிரியல் நடத்தியவர். ஐம்பத்திரண்டு வயதில் ஆராய்ச்சிக்கு வந்தார். அவருக்கு வழிகாட்டியான டாக்டர் நாச்சியார் அவரைவிட ஆறு வயது இளையவர்.

அடைக்கலத்தின் மனைவி தவமணி புற்றுநோயில் இறந்து நான்கு மாதம் ஆகியிருந்தது.

அன்று மதியம் அவர் தன் நோட்டை நாச்சியாரின் மேசைமேல் வைத்தார். ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த நோய் எதிர்ப்பு செல்களை இரண்டு தட்டுகளில் வைத்து, இரண்டையும் தூண்டிவிட்டிருந்தார். முதல் தட்டில் செல்கள் விழித்துக்கொண்டு பெருகின. ஆன்டிஆக்சிடென்ட் மருந்து கலந்த இரண்டாவது தட்டில் பெரும்பாலானவை அப்படியே கிடந்தன.

"மூணு தடவை போதும்னு சொன்னேன். ஒன்பது தடவை பண்ணியிருக்கீங்க," என்றார் நாச்சியார்.

"ஒரு தடவையாவது மாறி வருமான்னு பார்த்தேன் மேடம்."

"ஏன் மாறணும்?"

அடைக்கலம் நின்றுகொண்டே பேசினார்.

"செல்லுக்குள்ள கொஞ்சமா உண்டாகுற ஆக்சிஜன் பொருள்தான் அதை எழுப்புது. நாம ஊத்துற மருந்து அந்தப் பொருளை அடக்கிடுது."

"ஆமா."

"அதே மருந்தைத் தவமணிக்கு நான் கொடுத்தேன். டாக்டர் எழுதித் தரல. எதையோ படிச்சு நானே வாங்கினேன். வாயெல்லாம் புண்ணு அவளுக்கு. மாத்திரையைப் பொடிச்சு, மாதுளைச் சாறுல கலந்து, கெஞ்சிக் குடிக்க வச்சேன். 'உங்களுக்காகக் குடிக்கிறேன்'னு சொல்லிக் குடிச்சா."

"தட்டு வேற, உடம்பு வேற. இதை வச்சு அதைச் சொல்ல முடியாது."

"தெரியும் மேடம். வகுப்புல நானே அப்படிச் சொல்லிக் கொடுத்திருக்கேன்."

பிறகு அவரே கேட்டார்: "அவளுக்குள்ள விழிக்க வேண்டியதை நான் தூங்க வச்சுட்டேனா?"

நாச்சியார் எழுந்து இரும்பு அலமாரியைத் திறந்தார். கோப்புகளுக்குப் பின்னாலிருந்து ஒரு மாத்திரைப் புட்டியை எடுத்து அவர் கையில் கொடுத்தார். அதே மாத்திரை. பாதி மீதமிருந்தது. காலாவதித் தேதி கடந்து பல வருடம் ஆகியிருந்தது.

"என் தம்பிக்கு வாங்கினது," என்றார். "இருபத்தாறு வயசு. அவனுக்கும் புற்றுநோய்தான். நான்தான் கொடுத்தேன்."

அடைக்கலம் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"நீங்க இப்பக் கேட்ட கேள்வியோடதான் இந்த லேபை ஆரம்பிச்சேன். பன்னிரண்டு வருஷமாச்சு."

"பதில் கிடைச்சுதா மேடம்?"

நாச்சியார் புட்டியை வாங்கி, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தார். அலமாரியைப் பூட்டினார்.

"செல்களைப் பத்தி நிறையக் கிடைச்சுது."