காலைத் தூக்கினால் பட்டா

பவளாயி என்ற நரி, தன் குட்டியைக் காலுக்கு நடுவில் அமுக்கிப் பிடித்து உண்ணி எடுத்துக்கொண்டிருந்தாள். காதுக்குப் பின்னால் ஒன்று, கழுத்தில் ஒன்று, வாலடியில் கொழுத்தது ஒன்று. குட்டியின் பேர் குண்டுமணி. அவன் நெளிந்தான், முனகினான், அம்மாவின் மூக்கைக் கடித்தான்.

“அசையாம இருடா! ரத்தத்தை எல்லாம் இதுக்கே குடுத்துட்டு நீ எங்க வளரப் போற?”

அப்போது புதரை விலக்கிக்கொண்டு தாத்தா நரி ஒண்டியப்பன் வந்தார். பவளாயி சட்டென்று எழுந்து ஓர் ஓரமாக நின்றாள். அவளுக்குக் கூச்சம் அதிகம். மாமனாரிடம் நேராகப் பேசமாட்டாள். எதிரில் இருக்கிற இலந்தை மரத்தைப் பார்த்துத்தான் பேசுவாள். காது மந்தமான மாமனார், மரம்தான் பேசுகிறது என்று பல தடவை பயந்திருக்கிறார்.

“தாயி, நாளைக்குக் காலையில குட்டியைக் கூட்டிட்டு வேப்பமரத்தடிக்கு வந்துரு. ஓடைக்கரை நிலத்தை அவன் பேருக்கு மாத்தப் போறேன்.”

“மாமா சொன்னாச் சரி” என்றாள் பவளாயி, மரத்திடம்.

அவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது. குட்டியின் அப்பனை ஓடை வெள்ளம் கொண்டுபோய்விட்டது. இருக்கிறது அந்த நிலம் ஒன்றுதான். இலந்தைப் பழம், நண்டு வளை, படுக்க ஒரு குகை, எல்லாம் அதில்தான். அதுவும் போனால் அம்மாவும் பிள்ளையும் எங்கே போவார்கள்? அடுத்தவர் காட்டில் கால் வைத்தால் அங்குள்ள நரிகள் காதைக் கடித்துக் கையில் கொடுத்து அனுப்பும்.

நரிகளுக்குப் பத்திரம் கிடையாது, முத்திரைத்தாள் கிடையாது. காலைத் தூக்கினால் பட்டா! நிலத்தைக் கொடுக்கிறவர் நாலு மூலையிலும் நனைத்துக்கொண்டே போவார். அந்த ஈரம் காய்வதற்குள் வாங்குகிறவன் அதே இடத்தில் நனைக்க வேண்டும். ஒரு மூலை காய்ந்தாலும் போச்சு. அப்புறம் சொந்தத்தில் எந்த நரி வந்து நாலு மூலையையும் நனைக்கிறதோ, நிலம் அதற்குத்தான்.

இதையெல்லாம் புதருக்குப் பின்னால் இருந்து கேட்டான் சிலுப்பன். தாத்தாவின் இளைய மகன் அவன். தன் பங்கு நிலத்தைக் காட்டுப்பன்றிகளுக்கு விட்டுக்கொடுத்து, அவை கொடுத்த கிழங்கையும் தின்று முடித்துவிட்டு, இப்போது வயிற்றைத் தடவிக்கொண்டு திரிகிறவன்.

சிலுப்பனுக்கு ஒரு விஷயம் தெரியும். குண்டுமணி அம்மாவைப் போலவே கூச்சக்காரன். யாராவது பார்த்தால் அவனுக்கு ஒரு சொட்டுகூட வராது!

சிலுப்பன் காடு முழுக்க ஓடினான். “எல்லாரும் வந்துருங்க! எங்க அண்ணன் மகனுக்கு நாளைக்குப் பட்டா! குடும்பத்தோட வாங்க!” என்று முயலிடம் சொன்னான், மயிலிடம் சொன்னான், கீரிகளிடம் சொன்னான். பிறகு நேராக ஓடைக்குப் போனான். குனிந்து குடிக்க ஆரம்பித்தான்.

“என்னப்பா, எங்களுக்குக் கொஞ்சம் வைப்பியா?” என்றது ஒரு தவளை.

“நாளைக்கு நாலு மூலைக்கும் வேணும்ல!” என்று சொல்லிவிட்டு மறுபடி குனிந்தான்.

விடிந்தது. நிலத்தின் முதல் மூலையான வேப்பமரத்தடியில் திருவிழாக் கூட்டம். பதிவுக்கு உடும்பு வந்திருந்தது. நாக்கை நீட்டி ஈரத்தைத் தொட்டு, யாருடையது என்று சொல்வதுதான் அதன் வேலை. வேறு எவரும் அந்த வேலைக்கு வராததால் பரம்பரையாக அதுவே பார்க்கிறது.

எல்லைக்கு வெளியே ஒரு மொட்டைப் பாறை. அதன்மேல் ஏறி நின்றான் சிலுப்பன். வயிறு பானை மாதிரி இருந்தது. கால்களைப் பின்னிக்கொண்டு நின்றான்.

தாத்தா காலைத் தூக்கினார். கால் தூக்கியபடியே நின்றது. வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு சொட்டு, சொட்டு, சொட்டு.

“ஆச்சு!” என்றார் தாத்தா பெருமையாக. “பேரன் வரலாம்!”

குண்டுமணி வந்தான். காலைத் தூக்கினான். சுற்றிப் பார்த்தான். முயல்கள் பார்த்தன. மயில் கழுத்தை நீட்டிப் பார்த்தது. கீரிக்குட்டிகள் அப்பா தோளில் ஏறிப் பார்த்தன. குண்டுமணி காலை இறக்கிவிட்டான்.

“என்னடா?”

“எல்லாரும் பாக்குறாங்க தாத்தா!”

“பாத்தா என்ன, புடுங்கிக்கிட்டா போயிருவாங்க? ரெண்டே சொட்டுடா, ராசா!”

குண்டுமணி கண்ணை மூடி முக்கினான். வாயு பிரிந்தது. கூட்டம் கொல்லென்று சிரித்தது.

“அது கணக்குல வராது” என்றது உடும்பு.

“அவசரமில்ல மகனே, மெதுவா! எல்லாரும் நல்லாப் பாருங்க, கண்ணு இமைக்காமப் பாருங்க!” என்று பாறைமேல் இருந்து கத்தினான் சிலுப்பன். “என்ன மதினி, புள்ளைக்கு இதுகூடவா சொல்லிக் குடுக்கல?”

சித்திரை வெயில் ஏறிக்கொண்டே வந்தது. வேப்பமரத்தடி ஈரம் ஓரத்தில் இருந்து சுருங்கத் தொடங்கியது. முதலில் உள்ளங்கால் அளவு இருந்தது. பிறகு இலந்தைப் பழம் அளவு.

பவளாயி புதருக்குப் பின்னால் தவித்தாள். வைத்தியம் அவளுக்குத் தெரியும். தினமும் காலையில் குகை வாசலில் குட்டியை நிறுத்தி அவள் செய்கிறதுதான். ஆனால் மாமனார் முன்னாலா? ஊர் முன்னாலா? அவள் மெல்ல, தன் காதுக்கே கேட்காதபடி, “உஸ்ஸ்…” என்றாள். குட்டிக்கு எங்கே கேட்கும்?

ஈரம் இப்போது கடுகளவுதான் இருந்தது. சிலுப்பன் பாறையில் இருந்து இறங்கத் தயாரானான்.

“இந்தக் கூச்சத்தை வச்சுக்கிட்டு நாளைக்கு நண்டா பிடிக்கப் போறேன்?” என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள் பவளாயி. புதரை விட்டு ஒரே தாவில் வெளியே வந்தாள். கூட்டத்தின் நடுவில் நின்றாள். மூச்சை இழுத்து, வயிற்றில் இருந்து விட்டாள்.

“உஸ்ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்!”

குண்டுமணியின் காது நிமிர்ந்தது. கால் தானாக உயர்ந்தது. சர்ரென்று வந்தது பாருங்கள், வேப்பமரம் பாதி உயரத்துக்கு நனைந்தது!

ஆனால் அந்தச் சத்தம் குண்டுமணிக்கு மட்டுமா கேட்டது? அங்கே இருந்த எல்லோருக்கும் ஒரு காலத்தில் அம்மா இருந்தாள் அல்லவா? முயல்கள் நின்ற இடத்திலேயே நனைத்தன. மயில் தோகைக்குள் நனைத்தது. கீரிக்குட்டிகள் அப்பாவின் தோளிலேயே காரியத்தை முடித்தன. உடும்பு முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஏதோ யோசிப்பது போல நின்றது.

பாறைமேல் சிலுப்பன் துள்ளினான். “வேண்டாம் மதினி! நிறுத்துங்க மதினி! ஐயோ!”

பவளாயி நிறுத்தவில்லை. இன்னும் நீளமாக இழுத்தாள்.

சிலுப்பனின் பின்னிய கால் பிரிந்தது. அரை ஓடை அருவியாக இறங்கியது. அது ஓயும்வரை காடே வாயைப் பிளந்து பார்த்தது. ஓய்ந்தபோது சிலுப்பனின் வயிறு காலிப் பையாகத் தொங்கியது.

தாத்தா மட்டும் அசையாமல் நின்றார். “எனக்கு உஸ்ஸு கிஸ்ஸு எல்லாம் வேண்டாம். அது பாட்டுக்கு வரும், அது பாட்டுக்கு நிக்கும்” என்றார்.

பிறகு என்ன? மற்ற மூன்று மூலைகளுக்கும் பவளாயி முன்னால் நடந்தாள். தாத்தா சொட்டினார், அவள் உஸ்ஸென்றாள், குட்டி நனைத்தான், உடும்பு நாக்கை நீட்டிச் சரி பார்த்தது. “ஓடைக்கரை நிலம், ஒண்டியப்பன் பேரன் குண்டுமணிக்கு!” என்று அறிவித்தது.

“அப்ப எனக்கு?” என்று அழுதான் சிலுப்பன்.

உடும்பு பாறையில் ஏறி நாக்கை நீட்டியது. முகத்தைச் சுளித்தது. “சட்டம் சட்டம்தான். நீ நனைச்ச இடம் உனக்கு. இந்தப் பாறை இன்னைக்கு முதல் உன்னுது. ஒரு புல்லு முளைக்காது, ஒரு நண்டு தங்காது. நல்லா அனுபவி!”

கூட்டம் சிரித்தபடி கலைந்தது. கீரிக்குட்டிகள் மட்டும் பவளாயியைச் சூழ்ந்துகொண்டன. “அத்தை, இதுல எங்களுக்கு என்ன புத்தி?”

பவளாயி இப்போது மரம் எதையும் தேடவில்லை. கீரிக்குட்டிகளின் முகத்தைப் பார்த்தே சொன்னாள். “கொடுக்கிறவர் மனசாரக் கொடுத்தாலும், பேச வேண்டிய நேரத்துல நாம கூச்சத்தை விட்டு வாயைத் திறந்தாத்தான் நம்ம பங்கு நம்ம பிள்ளைக்கு வந்து சேரும். அதோட, அடுத்தவன் பங்குக்கு ஆசைப்பட்டு வயிறு முட்டக் குடிக்கிறவன் கடைசியில—”

“அம்மா! சீக்கிரம் வா! நம்ம நண்டு ஒண்ணு சித்தப்பா பாறையில ஏறுது!”