காருக்கு மேலே ஒரு பாரம்

கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு வார்ப்படப் பட்டறையில், பாரம் தூக்கும் மின்சார ஹாய்ஸ்ட் ஓட்டுகிறவள் பூவாத்தாள். ஒருநாள் காலையில் அதன் கம்பிக் கயிற்றில் இழைகள் அறுந்து துருத்திக்கொண்டிருப்பதைப் பார்த்ததும், சுவிட்சைத் தொடமாட்டேன் என்று நின்றுவிட்டாள்.

முதலாளி நாச்சிமுத்து அதட்டிக்கொண்டு வந்தார். சரக்கெடுக்க வந்த வெளியூர்க்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

"கயிறெல்லாம் நல்லாத்தான் இருக்குது. தூக்கு! இல்லாட்டி வேலையை விட்டுப் போ!"

பாரத்தைப் பிடித்துத் திருப்பிவிட வழக்கம்போல உதவியாள் கருப்பணன் கீழே வந்து நின்றான். பூவாத்தாள் தொங்கிய சுவிட்சைக் கையில் பிடித்தாள்.

"சரிங்க முதலாளி. லாரிக்குப் போற வழியில உங்க புதுக் கார் நிக்குது. அதை எடுக்க வேண்டாமுங்க, அதுக்கு மேலயே கொண்டு போயிடறேன்."

"ஏய், நில்லு! காரை முதல்ல எடுக்கோணும். மேல விழுந்துட்டா?"

வெளியூர்க்காரர் ஒருவர் சிரித்துவிட்டார். பூவாத்தாள் சிரிக்கவில்லை.

"காருக்கு ஆகாத கயிறு கருப்பணன் தலைக்கு மட்டும் ஆகுமுங்களா?"

நாச்சிமுத்துவின் முகம் சிவந்தது. "கொண்டா இங்கே!" என்று சுவிட்சைப் பிடுங்கினார். பூவாத்தாள் பாய்ந்து கருப்பணனை இழுத்துக்கொண்டு, "எல்லாரும் தள்ளிப் போங்க!" என்று கத்தினாள்.

அவர் பொத்தானை அழுத்தினார். இரும்பு வார்ப்பு ஆளுயரம் ஏறி, கருப்பணன் நின்ற பக்கமாக ஆடியது. சடாரென்று கயிறு அறுந்தது. பட்டறையே குலுங்கியது.

புழுதி அடங்கியபோது, கருப்பணன் நின்ற இடத்தில் தரை பிளந்துகிடந்தது.

"புதுக் கயிறு மாட்டற வரைக்கும் யாரும் இதைத் தொடாதீங்க" என்று முனகினார் நாச்சிமுத்து. வெளியூர்க்காரர்களுக்கு அது கேட்கவில்லை. பூவாத்தாளுக்குக் கேட்டது.