கொக்கனேரிக்கு வந்த காவல்

மதிவர்ம மகாராஜாவுக்கு ஒரு குணம். கடைசியாக யார் பேசினாரோ, அவர் சொன்னதே வேதம். அந்த அரண்மனையில் கடைசியாகப் பேசும் வித்தை தளபதி உக்கிரசேனருக்குக் கைவந்த கலை.

கொக்கனேரி ஏரியில் வருஷம் தவறாமல் நாரைகள் கூடு கட்டும். குஞ்சுகள் பறக்கும்வரை ஊரில் சத்தமே இருக்காது. கல்யாணத்தில்கூட மேளம் கிடையாது. மெதுவாகக் கைதட்டித் தாலி கட்டிவிடுவார்கள். எச்சம் கலந்த ஏரித் தண்ணீரில் நெல் அமோகமாக விளைந்ததால், நாரைகளுக்கு அங்கே மாப்பிள்ளை மரியாதை.

"இவ்வளவு அரிய பறவைகளைப் பட்டிக்காட்டார் கையில் விடலாமா?" என்றார் தளபதி.

உடனே ஏரியைச் சுற்றி வேலி முளைத்தது. ஊரார் கரைப்பக்கமே வரக்கூடாது. உள்ளே வீரர்கள். காவல் மாறும்போதெல்லாம் முரசு, கொம்பு, வாழ்த்தொலி. நாரைகள் மிரண்டு பறக்கத் தொடங்கின.

"இது ஊரார் சூழ்ச்சி! ஊரையே காலி செய்தால்தான் சரிப்படும்" என்றார் தளபதி. மன்னர் தலையாட்டிவிட்டார்.

கொக்கனேரிப் பேச்சியம்மாள் அழுதுகொண்டே அரண்மனை விகடகவி சாத்தப்பனைத் தேடி வந்தாள். "ஐயா, எம்புள்ள அழுதாக்கூட வாயப் பொத்தி அந்தக் குஞ்சுகளக் காப்பாத்துனோம். இப்ப நாங்க எங்கய்யா போவோம்?"

சாத்தப்பன் நேரே சபைக்குப் போனான்.

"மன்னா, காத்து வளர்த்தவர்களையே விரட்டலாமா?"

"தளபதியின் முறைதான் முறை! என் நாட்டில் அருமையானது எதுவோ, அதையெல்லாம் இனி அப்படித்தான் காக்க வேண்டும். இது ஆணை!"

"ஆணைப்படியே ஆகட்டும்" என்று கும்பிட்டுவிட்டு வெளியே போனான் சாத்தப்பன்.

சற்று நேரத்தில் அந்தப்புரத்தில் ஒரே அமளி. மன்னர் ஓடினார்; பின்னாலேயே தளபதியும். கைக்குழந்தை இளவரசனின் தொட்டிலைச் சுற்றி மூங்கில் வேலி. வேலியோரம் ஈட்டியோடு வீரர்கள். ஒருவன் முரசை வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தான். குழந்தை வீறிட்டது. மகாராணி வேலிக்கு வெளியே நின்று கதறினாள்.

"சாத்தப்பா! என்ன அக்கிரமம் இது?"

சாத்தப்பன் பணிவாகக் கும்பிட்டான். "நாட்டிலேயே அருமையானவர் இளவரசர். தளபதியின் முறைப்படி காக்கிறேன், மன்னா."

"பெற்ற தாயை ஏனடா வெளியே தள்ளினாய்?"

"குழந்தையோடு அதிகம் புழங்குபவர் அவர்தானே? அந்த முறைப்படி முதல் சந்தேகம் அவர் மேல்தான். குழந்தை அழுவதும் அவர் சூழ்ச்சியாக இருக்கலாம். அவரை ஊரைவிட்டே அனுப்பினால் சரிப்படும்."

தளபதி வாயைத் திறந்தார். மகாராணி பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

மன்னர் வேலியையும் தளபதியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "இந்த வேலியைப் பிடுங்குங்கள்! ஏரி வேலியையும்! கொக்கனேரி ஏரி இனி ஊரார் பொறுப்பு." தம் கழுத்து முத்துமாலையைச் சாத்தப்பனுக்குப் போட்டுவிட்டுக் கேட்டார்: "நான் வராமல் இருந்திருந்தால் அடுத்து எதைக் காப்பதாக உத்தேசம்?"

"தங்கள் சிம்மாசனத்தை, மன்னா. தினமும் அதில் உட்கார்ந்து தேய்க்கிறவரை முதலில் வெளியேற்றலாம் என்றிருந்தேன்."