சிங்கம் விழுவதற்கு முன்பே

முதலில் சிரிப்புதான் கேட்டது.

ஆவுடையப்பன் விளக்குமாற்றை நிறுத்தி நிமிர்ந்தார். குகையில் பாதிதான் பெருக்கியிருந்தார். வவ்வால் எச்சம் ஒரு ஓரமாகக் குவிந்து கிடந்தது. வெளியே உச்சிவெயிலில் பாறை பொரிந்துகொண்டிருந்தது. உள்ளே ஆள் அரவமே இல்லை.

சிரிப்பு வந்தது குகையின் அடிவயிற்றிலிருந்து. அங்கே ஒரு வெள்ளைத் துணி தொங்கியது. பழைய வேட்டிகளைச் சேர்த்துத் தைத்த திரை. அதற்குப் பின்னால் கொஞ்சம் இருட்டு. அதற்கும் பின்னால் மலை.

வயதான ஆண்குரல். அடக்கமாட்டாமல், மூச்சு வாங்க வாங்கச் சிரித்தது. பிறகு நின்றது.

“யாரது?” என்றார்.

மேலே ஒரு வவ்வால் சிறகை மாற்றி மடித்துக்கொண்டது.

வெளியே வந்தார். வாசல் பாறை நிழலில் செவ்வந்தியம்மாள் படச்சுருளைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“உள்ள யாரோ சிரிக்காங்கம்மா.”

“நல்ல விஷயம்தான சார்.”

“உள்ள யாருமே இல்லையே!”

“அப்ப யாருன்னு பாத்துட்டு வந்து எனக்கும் சொல்லுங்க.”

அவர் போகவில்லை. விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

செவ்வந்தியம்மாளுக்கு அவரிடம் படித்த பிள்ளைகளின் வயதுதான் இருக்கும். எங்கிருந்து வந்தாள் என்று யாருக்கும் தெரியாது. கையால் சுற்றுகிற படக்கருவி ஒன்று, லாரி பேட்டரி ஒன்று, படச்சுருள் ஒன்று. அவளுடைய சொத்து அவ்வளவுதான். மனசில் முள் தைத்தவர்கள் அந்த மலைக்குப் போனால் சரியாகிவிடுகிறது என்று யாரோ சொல்லக் கேட்டுத்தான் அவர் வந்தார்.

அவருக்குத் தைத்த முள் இது.

அவர் தலைமையாசிரியராக இருந்தவர். அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே பள்ளிக்கூடம் வாயை மூடும். ஒரே மகள் லோசனி. அவள் கல்யாணத்தில், பட்டு வேட்டியும் நெஞ்சு நிமிர்ந்த நடையுமாகத் தாலித் தட்டை ஏந்திக்கொண்டு மணமேடை ஏறினார். படியில் யாரோ பன்னீரைச் சிந்தியிருந்தார்கள்.

தட்டு பறந்தது. அட்சதை மழையாகக் கொட்டியது. நாதஸ்வரக்காரரையும் இழுத்துக்கொண்டு உருண்டு, சந்தனக் கிண்ணத்தின் மேல் போய் உட்கார்ந்தார்.

மண்டபமே சிரித்தது. அதில் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தது மணப்பெண்.

மகள் காரில் ஏறியதும் இவர் பஸ்ஸில் ஏறிவிட்டார். அதற்கப்புறம் இரண்டு வருஷமாக வீட்டுப் பக்கமே போகவில்லை.

மலைக்கு வந்த அன்று அவர் கேட்ட கேள்வி இதுதான்.

“ஒருத்தன் விழுந்தா ஏம்மா சிரிக்கிறாங்க?”

செவ்வந்தியம்மாள் விளக்குமாற்றை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

அன்றிலிருந்து பெருக்குகிறார்.

*

வெயில் உறைத்தால் ஆடு மேய்க்கிற பெண்கள் நிழலுக்கு ஏறி வருவார்கள். அன்றும் வந்தார்கள். பேச்சிக்கனிதான் முன்னால்.

“யம்மா, சிங்கத்த உடு. பாத்து ரொம்ப நாளானாப்ல இருக்கு.”

“நேத்துதாம்ளா பாத்த.”

“நேத்து விழுந்தது நேத்தோட போச்சு.”

வாசலில் சாக்குப் படுதாவை இறக்கினார்கள். குகை இருண்டது. செவ்வந்தியம்மாள் கைப்பிடியைச் சுற்றினாள். கடகடவென்று கருவி ஓட, திரையில் காடு முளைத்தது.

அது கார்ட்டூன் படம். பேச்சு கிடையாது, பாட்டு கிடையாது. சிங்கத்துக்கு முடிசூட்டு விழா. இரண்டு பக்கமும் யானை, ஒட்டகச்சிவிங்கி, கரடி, முதலை எல்லாம் மரியாதையாக நிற்கின்றன. சிங்கம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு படி ஏறுகிறது. மரத்தில் ஒரு குரங்கு, யாருக்கும் ஒரு கெடுதலும் நினைக்காமல், வாழைப்பழம் தின்கிறது. தோலைப் போடுகிறது. அது ஆடி ஆடி இறங்கி, கடைசிப் படியில் பாய் விரித்ததுபோல் படுத்துக்கொள்கிறது.

அப்புறம் சிங்கத்தின் கால்.

நாலு காலும் நின்ற இடத்திலேயே ஓடுகின்றன. ஒரு கணம் தப்பித்துவிடும் போலத்தான் இருக்கும். தப்பிக்காது. உருண்டு வந்து ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தில் முடிச்சுப் போட்டு, கரடியை முதலையின் வாயில் தள்ளி, கடைசியில் யானையையும் சாய்த்து அதற்கு அடியில் போய்ச் சேரும். யானை எழுந்து பார்த்தால் சிங்கம் அப்பளமாகக் கிடக்கும். கட்டைவிரலை வாயில் வைத்து ஊதும். உப்பும். எல்லாம் முடிந்து எல்லோரும் மறந்தபிறகு, கிரீடம் மட்டும் மெதுவாக உருண்டு வந்து, யோசித்து, குரங்கின் தலையில் ஏறிக்கொள்ளும்.

அத்தோடு படம் முடியாது. செவ்வந்தியம்மாள் சுருளின் தலையையும் வாலையும் ஒட்டிவைத்திருந்தாள். சிங்கம் மறுபடி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு படி ஏற வேண்டியதுதான்.

ஆவுடையப்பன் வழக்கம்போல் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அப்போது மறுபடி கேட்டது. அதே சிரிப்பு. திரைக்கு அந்தப் பக்கம்.

தலையைத் தூக்கினார். சிங்கம் இன்னும் தோலில் கால் வைக்கவில்லை.

கால் வைத்தது. விழுந்தது. அதற்கப்புறம்தான் பெண்கள் சிரித்தார்கள்.

அவர் சட்டென்று திரும்பினார்.

“பேச்சிக்கனி, உனக்குக் கேட்டுச்சா?”

“என்னது சார்?”

“பின்னால ஒருத்தன் சிரிச்சானே.”

“எதிரொலியா இருக்கும். இது குகைல்லா.”

“எதிரொலி முந்தி வருமா?”

பேச்சிக்கனி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். பேச்சை மாற்றுவதுபோல் சொன்னாள்.

“சார், கீழ டீக்கடைக்கு ஒங்க மக போன் போட்டிருந்துச்சாம். தென்காசியிலேருந்து. பேரப்பிள்ள நடக்க ஆரம்பிச்சிட்டானாம். நாலு எட்டு வச்சா பொத்துன்னு விழுதானாம். அப்பாவ ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போகச் சொல்லுங்கன்னு அழுதுச்சாம்.”

“என்னப் பாத்ததும் அவ சிரிச்சிருவா.”

“சிரிச்சா என்ன, பல்லா கொட்டிரும்?”

ஆவுடையப்பன் எழுந்தார். படக்கருவியின் முன்னால் போய் நின்றார். சிங்கம் அவர் சட்டையில் ஏறி விழுந்தது.

“என்னக் குத்திக்காட்டத்தான இந்தப் படத்தக் காட்டுறீங்க?”

“நீங்க வர்றதுக்கு முன்னாடியே சிங்கம் விழுந்துக்கிட்டுத்தான் சார் இருக்கு.”

“பதில் சொல்லுங்கம்மா. ஏன் சிரிக்கிறாங்க?”

“சிங்கத்துக்கு எங்க அடிபட்டுது?”

“இடுப்புல.”

“எப்படித் தெரியும்? அது வெறும் துணி.”

“இடுப்பப் பிடிச்சுக்குதே.”

“யாரு?”

“சிங்கம்தான்!”

செவ்வந்தியம்மாள் தலையை இல்லையென்று ஆட்டினாள். கைப்பிடியைச் சுற்றுவதை நிறுத்தவில்லை.

“எனக்கு இந்த விளையாட்டு ஒத்துக்கல. நாளைக்குக் காசிக்கு ரயில் ஏறுறேன். இனி இந்தத் திசைக்கே திரும்ப மாட்டேன். மக, பேரன், எல்லாத்துக்கும் ஒரே முழுக்கு.”

“போங்க சார். போறதுக்கு முன்னாடி திரைக்கு அந்தப் பக்கம் ஒரு தடவ உக்காந்து பாத்துட்டுப் போங்க. இந்தப் பக்கம் காட்ட எங்கிட்ட வேற படம் இல்ல.”

“அங்க யாரோ இருக்கான்.”

“அவனுக்கும் துணையாச்சு.”

*

துணியை விலக்கிக்கொண்டு போனார்.

வவ்வால் வாடை மூக்கில் அடித்தது. கையை நீட்டித் தடவினார். ஈரப் பாறை. அவ்வளவுதான். சிரித்தவன் என்று யாரும் இல்லை. யாரோ இப்போதுதான் எழுந்துபோன மாதிரி ஒரு கல் மட்டும் சூடாக இருந்தது.

அதன் மேல் உட்கார்ந்தார்.

திரையில் படம் திரும்பித் தெரிந்தது. சிங்கம் எதிர்த் திசையிலிருந்து வந்தது. வேட்டிகள் நைந்துபோயிருந்ததால், சிங்கத்தின் வயிற்றுக்குள் அந்தப் பக்கத்து முகங்கள் தெரிந்தன. யானையின் காதுக்குள் பேச்சிக்கனி. கைப்பிடியோடு செவ்வந்தியம்மாள். அவர் உட்கார்ந்திருந்த இடத்தில் அவருடைய துண்டு மட்டும்.

அந்தப் பக்கம் இருந்தவரை அவர் யார் முகத்தையும் பார்த்ததே இல்லை. தரையைத்தான் பார்த்தார். இப்போது பார்த்தார்.

சிங்கம் தோலில் கால் வைத்தது. விழுந்தது.

பேச்சிக்கனியின் கை வெடுக்கென்று தன் இடுப்புக்குப் போனது. பக்கத்தில் இருந்தவள் பல்லைக் கடித்துக்கொண்டு முட்டியைப் பிடித்தாள். இன்னொருத்தி கண்ணை இறுக்கி மூடினாள். தினமும் பார்க்கிற செவ்வந்தியம்மாளின் தோள்கூட ஒருமுறை குறுகி நிமிர்ந்தது.

அப்புறம்தான் வாய் திறந்தது. அப்புறம்தான் சிரிப்பு.



சந்தனக் கிண்ணத்தின் மேல் உட்கார்ந்தபடி அண்ணாந்து பார்த்த அந்த நிமிஷம் கண்முன் வந்தது. மேடையில் லோசனி. கை நிறைய வளையல், மருதாணி. அந்தக் கை எங்கே இருந்தது?

அவர் இத்தனை நாளும் அந்த நினைவை அவள் சிரித்த வாயிலிருந்துதான் ஓட்டிக்கொண்டிருந்தார். அதற்கு முன்னால் இன்னொரு படத்துண்டு இருந்தது. அந்தக் கை தன் இடுப்பைப் பிடித்திருந்தது. மாலை நழுவி முழங்கையில் தொங்க, அடிபட்டவள் அவள்தான் என்பதுபோல் முகம் சுருங்கி, “அப்பா” என்று உதடு குவிந்து...

கை முதலில். வாய் அப்புறம்.

திரையில் கிரீடம் உருண்டு வந்து குரங்கின் தலையில் ஏறியது. காடு ஒருமுறை துள்ளியது. மறுபடி சிங்கம் வந்தது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. தாலித் தட்டை மட்டும்தான் ஏந்தவில்லை.

அது இன்னும் தோலின் பக்கத்தில்கூட வரவில்லை. அடிவயிற்றிலிருந்து ஏதோ கிளம்பியது. அடக்கப் பார்த்தார். முடியவில்லை. மூச்சு வாங்க வாங்கச் சிரித்தார்.

சிரித்துக்கொண்டிருக்கும்போதே திரை வெளுத்தது. காட்டைக் காணோம். கடகடப்பும் இல்லை. துணிக்கு அந்தப் பக்கம் பெண்கள் இல்லை, கருவி இல்லை. வாசல் வெளிச்சத்தில் வெறும் குகை. பாதி பெருக்கிய தரை. நடுவில் ஒரு ஆள், கையில் விளக்குமாறு, தோளில் துண்டு, முதுகு விறைத்து, இந்தத் துணியையே பார்த்துக்கொண்டு நின்றான்.

ஆவுடையப்பனின் சிரிப்பு நின்றது.

“யாரது?” என்றான் அந்த ஆள். அவருடைய குரலில்.

பதில் சொல்ல வாயைத் திறந்தார். மேலே ஒரு வவ்வால் சிறகை மாற்றி மடித்துக்கொண்டது.

கடகடவென்று கருவி ஓடியது. திரையில் சிங்கம் விழுந்துகொண்டிருந்தது. பேச்சிக்கனி இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

*

துணியை விலக்கிக்கொண்டு வெளியே வந்தார். செவ்வந்தியம்மாள் கைப்பிடியை நிறுத்தினாள். யாரோ படுதாவைத் தூக்கினார்கள். வெயில் உள்ளே வந்தது.

“யாரு சார் உள்ள இருந்தது?” என்றாள் பேச்சிக்கனி, பயந்து பயந்து.

அவர் தன் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

“காலைல வண்டி எத்தன மணிக்குப் பேச்சிக்கனி?”

“காசி ரயிலு எனக்கு எப்படித் தெரியும்?”

“தென்காசி பஸ்ஸ கேக்கேன்.”

பேச்சிக்கனி செவ்வந்தியம்மாளைப் பார்த்தாள். செவ்வந்தியம்மாள் படச்சுருளைத் துடைக்க ஆரம்பித்திருந்தாள்.

“விடியக்காலமே ஒண்ணு உண்டு. பாத்து எறங்குங்க சார். பனியில பாற வழுக்கும்.”

“வழுக்கட்டும்” என்றார்.

சுவரில் சாத்தியிருந்த விளக்குமாற்றை எடுத்தார். ஓரத்தில் குவிந்து கிடந்ததைத் தள்ளிவிட்டு, விட்ட இடத்திலிருந்து பெருக்கத் தொடங்கினார்.