உப்பு வணிகன் கற்ற மூன்றாவது முடிச்சு

மலைகளுக்கெல்லாம் மனிதர்கள் இன்னும் பெயர் வைத்து முடிக்காத காலம் அது. கேளுங்கள்.

கீழ்க்கடல் ஓரத்தில் உப்பளங்கள் நிறைந்த ஓர் ஊர் இருந்தது. அந்த ஊரில் கீரந்தை என்று ஓர் உப்பு வணிகன் இருந்தான். அவனுக்குப் பெரிய உப்பளம் இருந்தது, பத்துப் பொதிமாடு இருந்தது, ஒரே ஒரு மகள் இருந்தாள். மகளின் பெயர் வெண்ணி. அவளைப் பெற்ற ஐந்தாம் நாளே தாய் கண்ணை மூடிவிட்டாள். கீரந்தைதான் மகளுக்குச் சோறு ஊட்டினான், தலை வாரினான், காய்ச்சல் கண்டால் மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தே இருந்தான்.

வெண்ணி வளர்ந்து பெரியவள் ஆனாள். மலையிலிருந்து தேனும் மெழுகும் கொண்டுவந்த கடம்பன் என்பவனை விரும்பினாள். அவனோடுதான் வாழ்வேன் என்றாள்.

மகளை அவ்வளவு தூரம் அனுப்ப மனமில்லாமல் கீரந்தை ஒரு நாள் கெஞ்சினான். ஒரு நாள் மிரட்டினான். மூன்றாம் நாள் வாசலை மறித்து நின்றான்.

"இந்தப் படியைத் தாண்டினா உனக்கு அப்பன் இல்லை" என்றான்.

வெண்ணி அழுதாள். அழுதுகொண்டே தாண்டினாள்.

ஐந்து ஆண்டுகள் போயின. கோடை தோறும் மலைக்காரர்கள் தேன் விற்க வந்தார்கள். கீரந்தை அவர்களிடம் மகளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஆனால் தேன் மட்டும் வாங்கினான். அவனுக்குத் தேன் பிடிக்காது. அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதைப் பக்கத்தில் நின்று கேட்கலாமே, எங்காவது அந்தப் பெயர் காதில் விழாதா என்றுதான் வாங்கினான். அவன் வீட்டில் நாற்பது தேன்குடங்கள் வாய் கட்டியபடியே கிடந்தன.

ஆறாம் ஆண்டு, கோடை முடிகிற நேரம். சேந்தி என்ற மலைக்காரி தன் கடைசிக் குடத்தை அவனிடம் கொடுத்தாள். நடுவயதுக்காரி, தனியாக வந்து தனியாகத் திரும்புகிறவள்.

"ஐயா, நீங்க தேன் தொடுறதே இல்லையாமே? அப்புறம் எதுக்கு வாங்குறீங்க?" என்று கேட்டாள்.

கீரந்தை குடத்தை வாங்கிக் கீழே வைத்தான். வாய் வேறொன்றைச் சொல்லிவிட்டது.

"எங்க வெண்ணி நல்லா இருக்காளா?"

ஐந்து ஆண்டுகளில் அந்தப் பெயரை அவன் சொன்னது அன்றுதான்.

"உப்புக்காரி வெண்ணியா? நல்லாத்தான் இருக்கா" என்றாள் சேந்தி. "ஆனா ஒரு பழக்கம் ஐயா. கிழக்கே இருந்து காத்து அடிச்சா, செய்யுற வேலையைப் போட்டுட்டு வெளியே வந்து நின்னுக்குவா. காத்துல உப்பு வாசம் இருக்கான்னு மோந்து மோந்து பாப்பா."

மறுநாள் காலையில் கீரந்தை சேந்தியோடு மலைக்குப் புறப்பட்டுவிட்டான். மழை தொடங்கிவிட்டது, மாடுகள் ஏறாது, பொறுத்துப் போகலாம் என்று ஊரார் சொன்னார்கள். அவன் கேட்கவில்லை.

அந்த மலைக்காட்டில் தரையில் படுக்க முடியாது. தரையெல்லாம் ஈரம், ஈரமெல்லாம் அட்டை. அதனால் வழிப்போக்கர்கள் இரண்டு மரங்களுக்கு நடுவே தூளி கட்டிப் படுப்பார்கள். குழந்தைக்குக் கட்டுகிற தூளி மாதிரிதான். ஆள் நீளத்துக்கு இருக்கும், அவ்வளவுதான். அதற்கு மேலே மெழுகு தோய்த்த துணியைக் கூரையாக இழுத்துக் கட்டுவார்கள்.

"அவங்கவங்க தூளியை அவங்கவங்கதான் கட்டணும் ஐயா" என்றாள் சேந்தி. "இது எங்க காட்டு வழக்கம்."

முதல் நாள் மாலை. கீரந்தை உப்பு மூட்டையின் வாயைக் கட்டுவது போல, கயிற்றை மரத்தில் நாலு சுற்றுச் சுற்றி நுனியைச் செருகினான். தூளியில் உட்கார்ந்தான். கயிறு சரசரவென்று உருவிக்கொண்டது. ஐயா சேற்றில் கிடந்தார்.

சேந்தி வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்து முடித்துத்தான் கை கொடுத்தாள்.

"மூட்டை சும்மா கிடக்கும், மனுசன் பாரம் இழுக்கும். மரத்தைச் சுத்தினா மட்டும் போதாது ஐயா. கயிறு தன் மேலேயே ஏறித் தன்னையே அழுத்தணும்."

இரண்டாம் நாள் மாலை. கீரந்தை விழுந்த அவமானத்தை மறக்கவில்லை. முடிச்சு மேல் முடிச்சு, முடிச்சு மேல் முடிச்சு என்று பக்கத்துக்கு ஏழு முடிச்சுப் போட்டான். தூளி அசையவே இல்லை. நிம்மதியாகத் தூங்கினான்.

விடிந்ததும் தெரிந்தது வினை. மழையில் கயிறு ஊறிப் பருத்து, ஏழு முடிச்சும் ஒரே கல்லாகிவிட்டது. நகத்தால் நெம்பினான், பல்லால் கடித்தான், உதட்டில் ரத்தம் வந்தது. முடிச்சு அவிழவில்லை. வெயில் ஏறிவிட்டது. கடைசியில் கத்தியால் அறுத்தான்.

"எதுக்கு ஐயா ஏழு?" என்று கேட்டாள் சேந்தி.

"விழுந்துடுவேனோன்னு பயம்."

"பயத்துல போட்ட முடிச்சு அப்படித்தான். போட்டவன் கைக்கே அடங்காது."

அன்று பகல் முழுவதும் கீரந்தை அறுத்த முடிச்சைக் கையிலேயே வைத்துக்கொண்டு நடந்தான்.

மூன்றாம் நாள் மாலை. அவனே சேந்தியிடம் போய்க் கயிற்றை நீட்டினான்.

"நீ எப்படிக் கட்டுறேன்னு காட்டு தாயி."

சேந்தி காட்டினாள். முதலில் மரப்பட்டை அறுபடாமல் ஒரு துணிப்பட்டையைச் சுற்றினாள். அதன் மேல் கயிற்றை இரண்டு சுற்று விட்டாள். நுனியைக் கொண்டுவந்து, இழுபடும் கயிற்றின் மேல் குறுக்கே போட்டு, அடியில் நுழைத்தாள். நுழைக்கும்போதுதான் சூட்சுமம். நுனியை அப்படியே நுழைக்கவில்லை. மடித்து, முயல் காது மாதிரி ஒரு காதாக்கி, அந்தக் காதை மட்டும் நுழைத்து இறுக்கினாள். நுனி வெளியே வாலாகத் தொங்கியது.

"உக்காருங்க" என்றாள். உட்கார்ந்தான். பாரம் ஏற ஏற முடிச்சு இறுகியது.

"எந்திரிச்சு வாலைப் பிடிச்சு இழுங்க" என்றாள். இழுத்தான். ஒரே இழுப்பில் முழுக் கயிறும் அவன் கையில் வந்து விழுந்தது.

கூரைத்துணிக்கு வேறு கட்டு. தரையில் அடித்த முளையைச் சுற்றி வந்த நுனியை, நீட்டி நிற்கும் கயிற்றின் மேலேயே உள்பக்கம் இரண்டு சுற்று, வெளிப்பக்கம் ஒரு சுற்று சுற்றினாள். கையால் தள்ளினால் அந்தக் கட்டு நகரும், விட்டால் நின்ற இடத்தில் நிற்கும். துணி நனைந்து தொய்ந்தால் தள்ளி இறுக்கிக்கொள்ளலாம். தூளிக் கயிறு வழியே மழைநீர் படுக்கைக்கு வராமல், அதில் ஒரு சிறு நூலையும் கட்டித் தொங்கவிட்டாள். நீர் நூலோடு இறங்கிச் சொட்டியது.

கீரந்தை முப்பது முறை கட்டி முப்பது முறை அவிழ்த்தான். உப்பு அரித்த விரல்கள் மெல்ல மெல்லப் பழகின.

"ஒண்ணு மட்டும் மறந்துடாதீங்க" என்றாள் சேந்தி. "ஆத்துல இறங்குறதுன்னாலும் இந்தக் கட்டுதான். அவிழாத கட்டோட வெள்ளத்துல இறங்குறவனுக்குக் கயிறே எமன்."

ஐந்தாம் நாள் நண்பகலில் அவர்கள் ஆற்றங்கரைக்கு வந்தார்கள். அக்கரையில் வெண்ணியின் ஊர். நடுவே கலங்கல் வெள்ளம், மரங்களைப் புரட்டிக்கொண்டு ஓடியது.

சேந்தி கையைக் குவித்துக் கூவினாள். சிறிது நேரத்தில் அக்கரைச் சரிவில் ஒரு பெண் இறங்கி ஓடி வந்தாள். முகம் தெரியாத தூரம். ஆனால் இடது காலைச் சற்றே வீசி ஓடும் அந்த ஓட்டம் கீரந்தைக்குத் தெரியும். நடக்கப் பழகிய நாளிலிருந்தே அவள் அப்படித்தான் ஓடுவாள்.

"வெண்ணீ!" என்று கத்தினான். வெள்ளத்தின் இரைச்சல் அதை விழுங்கிவிட்டது.

மூன்று நாள் ஆறு இறங்கவில்லை. மூன்று நாளும் இக்கரையில் தகப்பன், அக்கரையில் மகள்.

முதல் நாள் வெண்ணி ஒரு சின்னஞ்சிறு பெண்குழந்தையைக் கொண்டுவந்து தலைக்கு மேலே தூக்கிக் காட்டினாள். தனக்கு ஒரு பேத்தி இருப்பது கீரந்தைக்கு அப்போதுதான் தெரிந்தது. இரண்டாம் நாள் அவள் அக்கரையிலேயே சோறு வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவனும் இக்கரையில் உட்கார்ந்தான். அவள் ஒரு வாய் உண்டாள், அவன் ஒரு வாய் உண்டான். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு இருவரும் சேர்ந்து உண்ட உணவு அது.

மூன்றாம் நாள் கடம்பன் வந்தான். அம்பில் மெல்லிய நூலைக் கட்டி இக்கரைக்கு எய்தான். சேந்தி அந்த நூலைப் பிடித்து இழுக்க, அதன் பின்னால் பெரிய கயிறு வந்தது. ஆட்கள் வந்து பிடித்து இழுக்கத் தோதாக, அக்கரை நுனியைக் கடம்பன் ஒரு மரத்தில் ஒரே ஒரு சுற்று விட்டு வைத்தான். பிறகு, 'ஆட்களைக் கூட்டி வருகிறேன், அதுவரை இறங்க வேண்டாம்' என்று கையசைத்துக் காட்டிவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குள் போனான்.

"ஆள் வராம தண்ணியில கால் வைக்காதீங்க ஐயா" என்று சேந்தியும் சொன்னாள். சொல்லிவிட்டு, ஊன்றுகோலுக்கு மூங்கில் வெட்டப் போனாள்.

கீரந்தை காத்திருந்தான். மேற்கே மேகம் கறுத்தது. இன்னொரு மழை வந்தால் இன்னும் எத்தனை நாளோ? அக்கரையில் வெண்ணி கால் நனைய நின்றுகொண்டு இரண்டு கைகளையும் நீட்டினாள். அவள் வராதே என்றாளோ, வா என்றாளோ, அவனுக்கு வா என்றே தெரிந்தது.

கயிற்றை மார்பில் சுற்றினான். கை தானாக முடிச்சு மேல் முடிச்சுப் போடப் போனது. சேந்தியின் சொல் நினைவுக்கு வந்தது. நிறுத்தி, காது மடித்து நுழைத்தான். வாலை வெளியே விட்டான். இறங்கிவிட்டான்.

அக்கரையில் வெண்ணி பதறிப்போனாள். மரத்தில் ஒரே சுற்றாக இருந்த கயிறு வழுக்கத் தொடங்கியது. அவள் ஓடிப்போய் அதைப் பிடித்துத் தன் இடுப்பில் சுற்றி முடிந்துகொண்டாள். அப்பாவைத் தன் உடம்போடு கட்டி இழுத்துவிடலாம் என்று நினைத்தாள் பாவம்.

நடு ஆற்றில் கீரந்தைக்குக் கழுத்தளவு நீர். அப்போது, வேரோடு பெயர்ந்த ஒரு மரம் வெள்ளத்தில் புரண்டு வந்து, இருவருக்கும் நடுவே இருந்த கயிற்றில் மாட்டிக்கொண்டது. கயிறு வில் போல வளைந்தது. வெண்ணி கரையிலிருந்து தடதடவென்று இழுபட்டாள். முழங்கால் நீரில் இறங்கியது. இடுப்பு இறங்கியது. இடுப்பு முடிச்சை அவிழ்க்க அவளால் முடிந்திருக்காது. அவிழ்க்க அவள் முயலவும் இல்லை.

கீரந்தை மகளின் முகத்தை இப்போது நன்றாகப் பார்த்தான். பத்து முழ தூரம்தான். ஐந்து ஆண்டுகள் காண ஏங்கிய முகம். கயிற்றைப் பற்றிக்கொண்டு இன்னும் பத்து எட்டு வைத்தால் தொட்டுவிடலாம். ஆனால் அதற்குள் கயிறு அவளை ஆற்றுக்குள் கொண்டுபோய்விடும்.

அவன் வாலைப் பிடித்து இழுத்தான்.

கட்டு அவிழ்ந்தது. கயிறு மரத்தைத் தாண்டி நழுவி, தளர்ந்து மிதந்தது. வெண்ணி கரைச்சேற்றில் உட்கார்ந்தபடி விழுந்தாள். "அப்பா!" என்று அவள் அலறியது இந்த முறை அவனுக்குக் கேட்டது. அதற்குள் வெள்ளம் அவனை அள்ளிக்கொண்டு போயிற்று.

வளைவில் ஒரு புதர் அவனைத் தடுத்தது. கைக்கு அகப்பட்ட கிளையைப் பிடித்தான். சேந்தி ஓடி வந்து மூங்கிலை நீட்டி அவனை இழுத்துப் போட்டாள். கண்ணைத் திறந்து பார்த்தான். புறப்பட்ட அதே கரை. அக்கரையில் கடம்பனும் ஆட்களும் வெண்ணியைத் தாங்கிப் பிடித்திருந்தார்கள். அவள் நின்றுகொண்டிருந்தாள். அது போதும் என்று படுத்துவிட்டான்.

"கையெட்டுற தூரத்துல விட்டுட்டீங்களே ஐயா" என்றாள் சேந்தி. அவள் கண்ணும் கலங்கியிருந்தது.

"அன்னிக்கு வாசல்ல விட்டிருக்கணும்" என்றான் கீரந்தை. "இன்னிக்குத்தான் விடத் தெரிஞ்சுது."

கறுத்த மேகம் பெய்யாமலே கலைந்தது. இரண்டு நாளில் ஆறு வடிந்தது. முழங்காலளவு நீரில் கீரந்தை நடந்தே அக்கரை சேர்ந்தான். வெண்ணி பாதி ஆற்றிலேயே வந்து அவனைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பன் இல்லைன்னு சொன்னேனே, அந்தச் சொல்லைத் திரும்ப வாங்கிட்டுப் போகத்தான் வந்தேன்" என்றான்.

"அதை நான் கொண்டுவரவே இல்லையே அப்பா" என்றாள் வெண்ணி.

மழைக்காலம் முடியும்வரை அவன் அங்கே இருந்தான். பேத்தியைத் தோளில் ஏற்றிக்கொண்டு திரிந்தான். ஊருக்குப் புறப்பட்ட நாளில், 'என்னோடு வந்துவிடு' என்ற சொல் நாக்கின் நுனி வரை வந்தது. கேட்டிருந்தால் அவள் வந்திருப்பாள். வந்து, அங்கே இருந்துகொண்டு இந்த மலையை நினைத்து அழுதிருப்பாள். அவன் கேட்கவில்லை. "பத்திரமா இரு" என்று மட்டும் சொன்னான்.

"தை பிறந்ததும் வர்றேன் அப்பா" என்று அவளாகவே சொன்னாள்.

வந்தாள். அந்த ஆண்டு வந்தாள், அடுத்த ஆண்டும் வந்தாள், அவன் இருந்தவரை ஆண்டுதோறும் வந்தாள். வந்தவள் ஒவ்வொரு முறையும் திரும்பிப் போனாள். அவள் போன பிறகு வீடு பெரிதாகிவிடும், கீரந்தைக்கு நாலு நாள் சோறு இறங்காது. ஆனாலும் ஒருநாளும் அவன் வாசலை மறித்து நிற்கவில்லை.

ஆகையால், கேட்டவர்களே, இறுக்கிப் பிடிக்கத் தெரிந்தால் மட்டும் போதாது. விட வேண்டிய நேரத்தில் விடவும் தெரிந்த அன்பே உண்மையான அன்பு.