வேலூருக்குப் பனி இறக்கிய சென்சார்

முனிரத்தினம் சலூனில் முகம் முழுக்க சோப்பு நுரை பூசிக்கொண்டு சாய்ந்துவிட்டால் போதும், தணிகாசலத்துக்குப் பேச்சு ஊற்றெடுத்துவிடும். டெலிபோன் இலாகாவில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த ஞாயிற்றுக்கிழமை பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் காளான் வளர்க்கும் எத்திராஜ்.

"மணி ஒன்பதுகூட ஆகல, இந்தக் காய்ச்சு காயுது" என்றார் எத்திராஜ்.

"முப்பத்தாறு புள்ளி நாலு டிகிரி" என்றார் தணிகாசலம், கண்ணைத் திறக்காமலே. "சூடு காட்டுற வீட்டு மெஷின்ல பாத்துட்டுத்தான் வந்தேன். வெளியே பால்கனியில சென்சார், உள்ளே ஹால்ல டப்பா. நடுவுல ஒயரே கிடையாது. முன்னாடி ஒரு பத்து நாள் டப்பாவுல நம்பரே வராம வெறும் கோடுதான். வேற எவனாவது இருந்தா தூக்கிப் போட்டிருப்பான். நான் பிரிச்சு மேஞ்சுட்டேன்."

"உள்ளே என்ன கோளாறு?" என்றார் எத்திராஜ்.

"பாசி! எலுமிச்சம்பழம் பிழிஞ்சு, பழைய டூத்பிரஷ்ஷால தேச்சேன். தேச்ச தேய்ப்புல எதிர்வீட்டுக் காபி ஆறுறதையே காட்ட ஆரம்பிச்சுது. 'அம்மா, அறுபதுக்கு வந்துடுச்சு, குடிங்க'ன்னு ஜன்னல்ல நின்னு குரல் குடுத்தேன்."

முனிரத்தினம் கத்தியை நிறுத்தினார். "அவங்க என்ன சொன்னாங்க?"

"சர்க்கரை சரியா இருக்கான்னு கேட்டாங்க. அதெல்லாம் சென்சார் பாக்காதும்மான்னுட்டேன்."

"சரிதான்" என்று எத்திராஜ் பேப்பரைப் புரட்டினார்.

"அதோட விட்டேனா? செம்புக் கம்பியை அதுல சுத்தி, துணிக் கொடியில கட்டினேன். ஒரு சுத்துக்கு ஏலகிரிக் குளிரைப் பிடிச்சுது. மூணு சுத்துக்கு ஊட்டி. ஆறாவது சுத்துல இமயமலை!"

"காட்டினா காட்டிட்டுப் போகட்டும்."

"காட்டினதோட நின்னாத்தானே? அந்தக் குளிரே கம்பி வழியா இறங்கிடுச்சு! கொடியில கிடந்த என் வேட்டி பலகையா நின்னுச்சு. வீட்டுல அதும்மேலயே சட்டையைப் போட்டு இஸ்திரி பண்ணிட்டாங்க. பால்காரர் மாட்டைக் கறக்கிறாரு, குச்சி ஐஸா விழுது. கோட்டை அகழி உறைஞ்சு, ஜனங்க அதுமேல நடந்து மார்க்கெட்டுக்குப் போறாங்க!"

"எப்போ?" என்று கேட்டார் எத்திராஜ்.

"போன செவ்வாய், பதினொண்ணே கால்."

"அப்ப நான் கோட்டை வாசல்லதானே நின்னேன்!" என்றார் முனிரத்தினம். "வேர்த்து ஊத்துச்சே!"

"அது பனி உருகி உங்க சட்டையில இறங்கினது. நீங்க வேர்வைன்னு நினைச்சுட்டீங்க."

முனிரத்தினம் சிரித்தார். எத்திராஜ் சிரிக்கவில்லை. பையைத் திறந்து, உள்ளங்கை அளவு வெள்ளை டப்பா ஒன்றை எடுத்தார்.

"அண்ணே, தெய்வம் மாதிரி கிடைச்சீங்க. என் காளான் கொட்டகையில தொங்கின சென்சார் இது. மூணு நாளா வீட்டு டப்பாவுல இதே கோடுதான். உள்ளே சூடு ஏறினது தெரியாம பாதிக் காளான் போச்சு. கொஞ்சம் பாருங்க."

தணிகாசலத்துக்கு நுரைக்குள்ளேயே வியர்த்தது. டப்பாவைத் திருப்பினார், குலுக்கினார், காதில் வைத்துக் கேட்டார். எங்கே திறப்பது என்றே தெரியவில்லை. எத்திராஜ் வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வைக்கு முன்னால் இமயமலையைச் சொல்லித் தப்பிக்க முடியாது என்று தோன்றியது. வேறு வழியில்லாமல் மனைவிக்குப் போன் போட்டார். காதெல்லாம் நுரை, ஸ்பீக்கரில்தான் பேச வேண்டியிருந்தது.

"குணசுந்தரி, நம்ம வீட்டுல இருக்கிற மாதிரி சென்சாருக்கு மூடி எந்தப் பக்கம் திறக்கும்?"

"பின்னாடி கட்டை விரல்ல அழுத்திக் கீழே தள்ளுங்க. ரெண்டு பேட்டரியையும் மாத்துங்க, அவ்வளவுதான். நம்மளதை நான் அப்படித்தானே மாத்தினேன்? ஸ்டூல்ல ஏற பயமா இருக்குன்னு நீங்க கீழே நின்னு பிடிச்சுட்டு இருந்தீங்களே!"



முனிரத்தினம் சுவர்க் கடிகாரத்தின் பேட்டரியையும் ரேடியோவின் பேட்டரியையும் கழற்றிக் கொடுத்தார். தணிகாசலம் கட்டை விரலால் மூடியைத் தள்ளி, இரண்டையும் போட்டார். டப்பாவின் மூலையில் சிவப்பு விளக்கு மினுக்கென்று எரிந்தது. எத்திராஜ் சலூனுக்குப் பின்னாலேயே இருந்த தன் வீட்டுக்குப் போன் பண்ணிக் கேட்டார். "முப்பத்தஞ்சு காட்டுதாம்!" என்று துள்ளினார்.

தணிகாசலம் மெல்ல நிமிர்ந்து உட்கார்ந்தார். "பாத்தீங்களா? அன்னைக்கும் ஸ்டூலை நான் பிடிச்ச பிடி இருக்கே, பூமியே ஒரு நிமிஷம் சுத்தாம..."

"அண்ணே, வாயை மூடுங்க" என்றார் முனிரத்தினம். "மீசை ஒதுக்கணும்."