தலைச்சொல் போட்ட துபாஷி

நெடுங்கரை சமஸ்தானத்து ராஜா வீரசங்கிலி பூபதிக்கு எதையும் முழுதாகக் கேட்கிற பொறுமை கிடையாது. குடிகள் சபையில் நின்று குறையைச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். மகாராஜா வெள்ளிப் பலகையில் சொக்கட்டான் ஆடிக்கொண்டிருப்பார். இப்படிப்பட்டவருக்கு இங்கிலீஷை மொழிபெயர்த்துச் சொல்லவும் கற்றுக்கொடுக்கவும் வந்து சேர்ந்தவர்தான் துபாஷி சேஷகிரி ராயர். அவருக்கு ராஜாவின் குணம் ஒரே வாரத்தில் பிடிபட்டுவிட்டது.

வெள்ளைக்காரத் துரைமார் விஷயத்தை எடுத்த எடுப்பில் சொல்லமாட்டார்கள், முதலில் ஒரு சொல்லைப் போட்டுத் தங்கள் மனசைக் காட்டிவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவார்கள் என்றார் ராயர். நல்ல சேதியென்றால் ‘ஃபார்ச்சுனேட்லி’. கெட்ட சேதியென்றால் ‘அன்ஃபார்ச்சுனேட்லி’. ராஜாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. முதல் சொல்லிலேயே சந்தோஷமா வருத்தமா என்று தெரிந்துவிடுகிறது. மிச்சத்தை எதற்குக் கேட்க வேண்டும்?

அன்றிலிருந்து சபையில் யார் வாய் திறந்தாலும் தலைச்சொல் வேண்டும் என்று உத்தரவு. கூத்து ஆரம்பமானது. வாசல் சேவகன் தினமும், “சர்ப்ரைசிங்லி, மகாராஜா எழுந்துவிட்டார்” என்று கூவினான். சமையல்காரர், “ஹோப்ஃபுலி, சாம்பாரில் உப்பு இருக்கிறது” என்றார். அரண்மனைப் பண்டசாலையிலிருந்து பாதி நெய்யை வீட்டுக்குக் கடத்துகிற உக்கிராண மணியக்காரர் மட்டும் எதற்கெடுத்தாலும் ‘ஹானஸ்ட்லி’.

அரண்மனை விகடகவி அம்பலக்கூத்தனுக்கு இதைப் பார்த்தால் வயிறு எரியும். சொந்த நாக்கில் சொல்லத் துப்பில்லாத சந்தோஷத்தை இரவல் வாங்கிச் சொல்கிறார்களே என்று முகத்துக்கு நேரேயே ஏளனம் செய்வான். ஆனாலும் சிரித்துவிட்டுப் போக முடியாதபடி ஒரு காரியம் நடந்தது.

குடிகளுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆகவே விண்ணப்பங்களுக்கெல்லாம் தலைச்சொல் போடுகிற அதிகாரம் துபாஷியான ராயருக்குத்தான். ‘ஃபார்ச்சுனேட்லி’ என்று காதில் விழுந்தால் ராஜா காயை நகர்த்திக்கொண்டே, “அப்படியே நீடிக்கட்டும்” என்பார். ‘அன்ஃபார்ச்சுனேட்லி’ என்றால், “உடனே மாற்று” என்பார். பக்கத்தில் இருக்கும் ராயசக்காரர், அதாவது அரண்மனை எழுத்தர், அதை எழுதி முத்திரை குத்திவிடுவார். முத்திரை விழுந்ததை, மறு முத்திரை விழும்வரை யாரும் கேட்க முடியாது.

ராயரின் மைத்துனன் தண்ணீரைத் தன் மாந்தோப்புக்குத் திருப்பிக்கொள்ள வடகரை வாய்க்காலின் மதகை அடைத்துவிட்டான். ஊர்க்காரர்கள் விண்ணப்பத்தோடு வந்தார்கள். ராயர் எழுந்து, ஒரு கூச்சமும் இல்லாமல், “ஃபார்ச்சுனேட்லி, வடகரையில் மதகு அடைபட்டுப் பயிர் காய்கிறது” என்று படித்தார்.

“அப்படியே நீடிக்கட்டும்” என்றார் ராஜா.

குறுக்கே பேச எழுந்த கூத்தனைத் தலைச்சொல் இல்லையென்று சொல்லி வெளியே தள்ளினார்கள். வடகரை மாடக்கண்ணு வாசலில் அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். “நெல்லுக் கதிரு பொதிகட்டுற பருவம், சாமி. இன்னும் ரெண்டு நாளு தண்ணி வரலேன்னா எல்லாம் பதராப் போயிரும். பிள்ளைகளுக்குக் கஞ்சிக்கு நான் எங்க போவேன்?”

கூத்தனுக்கு ரத்தம் கொதித்தது. கோபத்தை விழுங்கிக்கொண்டு நேரே ராயர் வீட்டுக்குப் போனான். போய், பல்லை இளித்தான்.

“உங்க தகுதிக்கு இந்தத் துபாஷி வேலையெல்லாம் ஒரு வேலையா, ஐயா? திவான் காசிக்குப் போனதிலிருந்து அவர் நாற்காலி சும்மாதானே கிடக்கு? உங்களுக்காக ஒரு விண்ணப்பம் எழுதியிருக்கேன். தலைச்சொல்லை மட்டும் நீங்களே உங்க கையால போட்டுக் கொடுங்க.”

ஓலையில் ஒரே வரி இருந்தது: சேஷகிரி ராயர் இன்னும் துபாஷிப் பதவியிலேயே இருக்கிறார். ராயர் கணக்குப் போட்டார். நல்ல சேதி என்று போட்டால் காலமெல்லாம் துபாஷிதான். கெட்ட சேதி என்று போட்டால் ராஜா உடனே மாற்றச் சொல்வார். மாற்றினால் அடுத்தது திவான் நாற்காலிதானே. வாயெல்லாம் பல்லாக எழுதிக் கொடுத்தார். பேராசை பிடித்தவனை ஏமாற்ற மெனக்கெடவே வேண்டாம் என்று நினைத்துக்கொண்டான் கூத்தன்.

மறுநாள் காலை சபையில் ராயரே எழுந்து குரலைத் தழுதழுக்க வைத்துக்கொண்டு படித்தார்: “அன்ஃபார்ச்சுனேட்லி, சேஷகிரி ராயர் இன்னும் துபாஷிப் பதவியிலேயே இருக்கிறார்.”

“உடனே மாற்று” என்றார் ராஜா, தாயத்தை உருட்டியபடி.

முத்திரை விழுந்தது. ராயர் திவான் நாற்காலியைப் பார்த்து ஓர் அடி எடுத்து வைத்தார். அதற்குள் கூத்தன் முன்னால் வந்துவிட்டான். தலைச்சொல் போடத்தான் இப்போது துபாஷி இல்லையே, அவனே போட்டுக்கொண்டான்.

“ஃபார்ச்சுனேட்லி, ராயருக்கு இப்போது எந்தப் பதவியும் இல்லை.”

“அப்படியே நீடிக்கட்டும்.”

“அன்ஃபார்ச்சுனேட்லி, வடகரை மதகு அடைபட்டுக் கிடக்கிறது.”

“உடனே மாற்று.”

இரண்டு முத்திரைகள் படபடவென்று விழுந்தன. வாசலில் நின்றிருந்த மாடக்கண்ணு மதகு உத்தரவு ஓலையை வாங்கிக்கொண்டு மதகைப் பார்த்து ஓடினார். சபையே குலுங்கிச் சிரித்ததில் ராஜா நிமிர்ந்து பார்த்து, என்ன விஷயம் என்று கேட்டார். கூத்தன் முதலிலிருந்து சொன்னான். பல மாதங்களில் அவர் முழுதாகக் கேட்ட முதல் சேதி அதுதான். கேட்கக் கேட்க அவர் முகம் கறுத்தது.

“ஏன்டா கூத்தா, நான் உட்கார்ந்திருக்கும்போதேவா இத்தனையும் நடந்தது?”

“மகாராஜா உட்கார்ந்துதான் இருந்தீங்க. கேட்டிருந்தா எதுவுமே நடந்திருக்காதுங்க.”

ராஜா வெள்ளிப் பலகையை அப்படியே தூக்கிக் கூத்தன் கையில் கொடுத்து, இனி இது சபைக்கு வரக்கூடாது, உன் வீட்டிலேயே இருக்கட்டும் என்றார்.

ராயர் கைகூப்பிக்கொண்டு வந்தார். “அன்ஃபார்ச்சுனேட்லி, மகாராஜா…”

“தலைச்சொல்லை விட்டுட்டு விஷயத்தைச் சொல்லும்” என்றார் ராஜா.

ராயர் வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார். ஒன்றும் வரவில்லை.

“விட்டுடுங்க, மகாராஜா” என்றான் கூத்தன். “அதைக் கழிச்சா அவர்கிட்ட மிச்சம் ஒண்ணுமில்லை.”

ராஜா சிரித்த சிரிப்பு வடகரை வரை கேட்டதாம்.